வீட்டு வண்டிக்குப் புதுத் தகடு

என் மச்சான் ஏழுமலைக்கு,

போன இடத்தில் ஓய்வாக இருப்பாய் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அங்கேயும் எவன் வண்டியாவது நடுவழியில் நின்றுபோய் உன்னைக் கூப்பிட்டிருப்பான். நீயும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அடியில் படுத்திருப்பாய். பரவாயில்லை, படுத்தபடியே கேள்.

முக்கியமான சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் வண்டியை நான் எடைக்குப் போடவில்லை.

நீ போனதும் போட்டுவிடுவேன் என்றுதான் கும்மிடிப்பூண்டியே பேசிக்கொண்டது. பேசியதில் தப்பில்லை. பழைய இரும்புக் கடைக்காரன் மைதானத்தில் பழைய வண்டி நின்றால் வேறு என்ன பேசுவார்கள்? நானும் மனதுக்குள் பிரித்துப் பார்த்தவன்தான். சேஸிஸ் யாருக்குப் போகும், அலுமினியம் யாருக்குப் போகும், தேக்குச் சட்டத்தை எந்தத் தச்சன் கேட்பான் என்று. கல்யாண ஊர்வலத்தில் வரும் காரைப் பார்த்தாலே எனக்கு அப்படித்தான் ஓடும். அது புத்தியின் பழக்கம்.

இதை நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக நாலு வரி. ஏழுமலை முதலில் என் சிநேகிதன், பிறகு என் தங்கை கன்னியம்மாவின் புருஷன். லாரி ஓட்டியவன். வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ ஒரு சர்வே துரை ஊர் ஊராகப் போய்த் தங்குவதற்காகக் கட்டிய மோட்டார் வண்டி ஒன்று அறுபதுகளில் ஏலத்துக்கு வந்தது. உள்ளே இரண்டு கட்டில், மடக்கு மேசை, அலமாரி, கை கழுவப் பீங்கான் தொட்டி, ஜன்னலுக்குத் திரை. வீடுதான், கீழே சக்கரம் இருந்தது. உடைத்து விற்கலாம் என்று நான் ஏலத்துக்குப் போனேன். ‘ஒடைக்காத மச்சான், ஓட்டலாம்’ என்று என் கையைப் பிடித்து அமுக்கிவிட்டு நீ உன் கையைத் தூக்கினாய்.

சொன்னபடி ஓட்டவும் செய்தாய். ரோடு போடுகிற இடம், பாலம் கட்டுகிற இடம் என்று இன்ஜினியர்களுக்குத் தலை சாய்க்க இடமில்லாத இடமெல்லாம் பார்த்து வண்டியை வாடகைக்கு நிறுத்தினாய். அவர்கள் உள்ளே தூங்கினார்கள். நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் தார்ப்பாய் கட்டிக்கொண்டீர்கள், கன்னியம்மா எல்லோருக்கும் சமைத்தாள். திருவாலங்காட்டுப் பக்கம் கொஞ்ச காலம், ஊத்துக்கோட்டைப் பக்கம் கொஞ்ச காலம். வேலை இல்லாத மாதங்களில் கட்டில் உங்களுக்கு.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் நீ கண்ணை மூடியபோது வண்டி அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. நான்தான் ஓட்டிவந்து என் மைதானத்தில் நிறுத்தினேன். நிறுத்தினது நிறுத்தினதுதான், இரண்டு மழைக்காலம் அதன் மேலேயே போயிற்று. பழவேற்காட்டிலிருந்து வருகிற உப்புக் காற்று உனக்குத் தெரியாததா? அலுமினியத் தகட்டில் இரும்பு ஆணி அடித்திருந்த இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்து, விரலால் குத்தினால் ஓட்டை விழுந்தது. மட்கார்டு இரண்டும் அப்பளம். ஏறும் படி கழன்று தொங்கிற்று. கதவைச் சாத்தினால் கீல் கையோடு வந்தது.

கன்னியம்மா அந்த இரண்டு வருஷமும் என் வீட்டில்தான் இருந்தாள். போன கார்த்திகையில் ஒரு காலை, நான் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணா, அந்த வண்டிய எனுக்கு ரெடி பண்ணிக் குடு.”

“இன்னாத்துக்கு?”

“புது ஃபேக்டரி கேட்டாண்ட சோத்துக்கடை போடப்போறேன்.”

உள்ளே இருந்து என் சம்சாரம் பார்வதி எட்டிப்பார்த்தாள். “ஏன், நம்ம ஊட்ல உனுக்கு இன்னா கொறை வெச்சோம்?”

“ஒரு கொறையும் இல்ல அண்ணி. ஆனா காலீல எந்திரிச்சா, நீங்க எந்த வேலைய மிச்சம் வெச்சிருக்கீங்கன்னு பாத்து அதைச் செய்யறேன். அது என் வேலை இல்ல. எனுக்குன்னு ஒரு வேலை வேணும்.”

  மச்சான், அவள் உன்னோடு இருந்தபோது இப்படித்தான் பேசுவாளா? எங்கள் வீட்டில் அவள் அவ்வளவு பேசி அன்றுதான் கேட்டேன்.

விசாரித்தேன். அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆந்திரா பக்கம் போகிற ரோட்டில் புதிதாக ஃபேக்டரி எழும்புகிறது. பொங்கல் கழித்து கேட் திறக்கிறார்கள். ரயிலை விட்டு இறங்கி நடந்து வருகிற ஆட்களுக்கு வாயில் போட ஒன்றும் கிடையாது. ரோட்டோர நிலத்தில் ஓலைக்கொட்டகை போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சக்கரம் வைத்த கடை என்றால் ஒன்றே ஒன்று நிற்கலாம். அதுவும் ஓட்டத் தகுதி என்று சர்க்கார் தரும் எஃப்.சி. வாங்கின வண்டியாக, பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். இங்கே பக்கத்து ஆரணியில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் ஒரு பழைய வேனுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். யார் முதலில் எஃப்.சி.யோடு போய் நிற்கிறார்களோ அவர்களுக்கு இடம்.

பிரேக் இன்ஸ்பெக்டர் திருவள்ளூருக்கு மாதம் ஒருமுறைதான் வந்து வண்டி பார்த்து எஃப்.சி. தருவார். மார்கழி முறையை விட்டால் அடுத்தது கேட் திறந்த பிறகு. கன்னியம்மா சொந்தக் காலில் நிற்பதும், என் வீட்டு மிச்ச வேலையைச் செய்துகொண்டு கிடப்பதும் அந்த ஒரு நாளில் இருந்தது.

சரி, செய்து பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். இன்ஜினுக்கு ஒன்றுமில்லை. நீ பார்த்த இன்ஜின், இரண்டே நாளில் இருமித் துப்பிவிட்டு எழுந்துகொண்டது. வேலையெல்லாம் வெளி உடம்புக்குத்தான். தகடு தட்டுகிற டிங்கர் தேவசகாயத்தைக் கூப்பிட்டேன். அவன் ஒரு சுற்று சுற்றி வந்து, சுத்தியலால் அங்கங்கே தட்டிக் கேட்டான்.

“மொதலாளி, இதுல மாத்த வேண்டியது இன்னான்னு கேக்காத. மாத்த வேணாதது இன்னான்னு கேளு, சீக்கிரம் சொல்லிடறேன்.”

“சொல்லு.”

“ஹாரன்.”

அவன் வாய் அப்படி, கை வேறு மாதிரி. ஒரு பக்கத் தகட்டைக் கழற்றி, புதுத் தகட்டை அடித்து முடித்த பிறகுதான் அடுத்த பக்கத்தைத் தொடுவான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உரித்தால் மரச் சட்டம் கோணிக்கொண்டு, கதவு ஜென்மத்துக்கும் சேராது என்பான். ஆணி எல்லாம் எடுத்துவிட்டு அலுமினிய ரிவிட்டே போட்டான். மட்கார்டு இரண்டும் புதிதாக வளைத்தான். கண்ணாடிக்குப் புது ரப்பர், மழைத் தண்ணீர் வழிய மேலே புதுப் பட்டை, படிக்கு என் கடையிலிருந்தே கெட்டித் தகடு. கன்னியம்மா பக்கத்திலேயே நின்று ரிவிட் எடுத்துக் கொடுத்தாள். பெயின்ட்டுக்கு முன்னால் பட்டி பூசி உப்புத்தாளால் தேய்த்தது முழுக்க அவள்தான். கை எரிகிறது என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது நெற்றி. டிரைவர் கண்ணாடிக்கு மேலே குடைபோல வளைந்து நிற்குமே, அந்தத் தகடு. மற்ற இடத்துக்கெல்லாம் கீழே உள்ள சட்டமே அளவு சொல்லிவிடும். நெற்றிக்குக் கீழே சட்டம் கிடையாது. அது இரண்டு பக்கமும் தானாக வளைந்து நிற்கிறது. பழைய தகட்டைப் பார்த்துத்தான் புதிதை வெட்ட வேண்டும். தேவசகாயம் அதை அலுங்காமல் கழற்றி, என் மைதானத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

இங்கேதான் என் கடைச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். சுவரில் சாய்ந்திருந்தால் சாமான், தரையில் கிடந்தால் சரக்கு. சாய்த்து வைத்ததை யாரும் தொடக் கூடாது, தரையில் கிடப்பதை யார் கேட்டாலும் தராசில் போடலாம். நான் வைத்த சட்டம். கடையில் சண்டையே வராமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

அன்று காற்று. நெற்றித் தகடு சாய்ந்து விழுந்திருக்கிறது. நான் தகடு வாங்க மெட்ராஸ் போயிருந்தேன். ஆரணியில் அலுமினியப் பாத்திரம் வார்க்கிறவர் மாட்டு வண்டியோடு வந்திருக்கிறார். தராசில் பார்வதி.

“கீழ கெடந்தா சரக்கு. நீதானய்யா சொன்ன? கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து சொல்லிக்கினே கீற” என்றாள் பார்வதி, நான் கத்தின கத்தலுக்கு.

“அதுக்குன்னு நெத்தியையா விப்பாங்கோ?”

“நெத்தின்னு எழுதியா வெச்சிருந்துச்சு?”

நியாயம் அவள் பக்கம். அதுதான் எனக்கு இன்னும் பேஜாராக இருந்தது.

தேவசகாயம் மனக்கண்ணிலேயே பார்த்து ஒரு தகடு தட்டினான். பகல் முழுக்கத் தட்டினான். தூக்கி வைத்துப் பார்த்தால் கண்ணாடி ஒரு பக்கம் உட்கார்ந்தது, மறு பக்கம் விரல் போகிற சந்து. “பூசணிக்கா மாதிரி வந்துகீது மொதலாளி. மழ பேஞ்சா டிரைவரு கொடை புடிச்சிக்கினுதான் ஓட்டணும்” என்றான். சிரிப்பு வரவில்லை. இன்ஸ்பெக்டர் வருகிற நாள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் நானும் கன்னியம்மாவும் ஆரணிக்கு பஸ் ஏறினோம். ஆற்றோரமாக அந்தப் பாத்திரக்காரர் பட்டறை. நெற்றியோடு சேர்த்து எடுத்துப்போன எங்கள் பழைய தட்டைத் தகடெல்லாம் அதற்குள் உருகிச் சட்டியாகிவிட்டிருந்தது. நெற்றி மட்டும் அடுப்பு வாயில் நுழையவில்லையாம், பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். அவர் சம்சாரம் அதை மல்லாத்திப் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தாள். ஒரு எருமை அதில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.

எனக்கு மூச்சு திரும்பி வந்தது. வந்த வேகத்தில், “அம்மா, அது எங்க வண்டித் தகடு, உடனே வேணும்” என்று சொல்லிவிட்டேன். இத்தனை காலம் வியாபாரம் செய்தவன், மச்சான்! வேண்டும் என்கிற முகத்தோடு போய் நிற்கலாமா?

அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்தாள். “வண்டித் தகடா? எங்க எருமைத் தொட்டி அது. இம்மாந் தூரம் பஸ்ஸு புடிச்சி வந்துகீறீங்கன்னா பெரிய சாமான்தான் போலக்கீது. குடுக்கறாப்ல இல்ல.”

அவள் புருஷர் அடுப்பைக் கிளறிக்கொண்டே, “எருமை அவுளுது நைனா. நான் பேச முடியாது” என்று கழன்றுகொண்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் கன்னியம்மா என் தோளைத் தொட்டு நிறுத்தினாள். போய் அந்த அம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எருமையின் கழுத்தைத் தடவினாள்.

“ஏக்கா, இதுல ஊத்தினா நிக்குதா? அடி உருண்டையால்ல கீது.”

“எங்க நிக்குது? மூஞ்சிய வெச்சாலே சாயுது. பாதித் தண்ணி மண்ணுக்கு. ஆத்துக்கு இன்னொரு நடை நடக்கறேன்.”

“எங்க அண்ணன் கடைல மில்லுலேர்ந்து வந்த இரும்புத் தொட்டி ஒண்ணு கீது. நாலு கால் வெச்சது. எருமையே ஏறி நின்னாலும் ஆடாது. இன்னிக்கே வரும்.”

அந்தத் தொட்டியை நான் வேறொருவருக்குப் பேசி முடித்திருந்தேன். கன்னியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ‘ஆமாம்’ என்று தலையாட்டினேன்.

“தொட்டி வரட்டும். எருமை அதுல ஒரு வாய் குடிக்கட்டும். அப்பால தகட்ட எடுத்துக்கினு போங்க” என்றாள் அந்த அம்மாள். என்ன ஒரு வியாபாரி! என் கடையில் தராசுக்கு அவளைத்தான் வைக்க வேண்டும்.

சாயங்காலத்துக்குள் தேவசகாயத்தையும் ஏற்றிக்கொண்டு தொட்டியை லாரியில் கொண்டுபோய் இறக்கினேன். தண்ணீர் நிரப்பினோம். எருமை வந்தது, மோந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாங்கள் அத்தனை பேரும் ஒரு எருமையின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தேவசகாயம், “குடிம்மா, தாயே, உனுக்குப் புண்ணியமாப் போவும்” என்று கும்பிட்டான். கன்னியம்மா அந்த அம்மாளிடம் கேட்டு, சோறு வடித்த கஞ்சியை வாங்கித் தொட்டியில் கலந்தாள். எருமை குடித்தது. நாங்கள் தகட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கொம்பு இடித்து அதன் இடது பக்கம் நசுங்கியிருந்தது. “ஒரு பக்கம் நல்லா இருந்தாப் போதும்” என்றான் தேவசகாயம். வலது பக்கத்தின் மேல் காகிதத்தை ஒட்டி வெட்டினான். அதையே திருப்பிப் போட்டு இடது பக்கத்துக்கு அளவு எடுத்தான். புது நெற்றி வந்து உட்கார்ந்தபோது கண்ணாடி ஓரத்தில் ஒரு மயிரிழை நுழையவில்லை. பார்வதி தண்ணீர் கொண்டுவந்து குடம் குடமாக மேலே ஊற்றினாள். உள்ளே உட்கார்ந்திருந்த கன்னியம்மா, “ஒரு சொட்டு இல்ல அண்ணி” என்று கத்தினாள். பார்வதி, “அப்ப நான் வித்தது நல்லதாப் போச்சு, தொட்டியும் எடத்த அடைச்சிக்கினு கெடந்துச்சு” என்று சொல்லிக்கொண்டே போனாள். தன் வாயால் அவள் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான்.

திருவள்ளூர் மைதானத்தில் லாரியும் பஸ்ஸுமாக வரிசை. நம் வண்டி முறை வந்தபோது இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது வண்டியா, வீடா?”

“நின்னா ஊடு, நவுந்தா வண்டி சார்” என்றாள் கன்னியம்மா.

அவர் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து மூடினார். மட்கார்டைப் பிடித்து ஆட்டினார். அடியில் குனிந்தார். என்னை ஓட்டச் சொல்லி மைதானத்தின் அந்தக் கோடியில் பிரேக் பிடிக்கச் சொன்னார். திரும்பி வந்ததும், “யார் ஓனர்?” என்றார். பழக்கத்தில் நான் வாயைத் திறந்தேன். “நான்தான் சார், என் பேருக்கு மாத்தியாச்சு” என்று கன்னியம்மா முன்னால் வந்தாள். அவர் அவளை ஒரு பார்வை, புதுத் தகட்டை ஒரு பார்வை பார்த்தார். “தண்ணி எறங்காதில்ல?” என்றார். “ஊத்திப் பாத்துட்டோம் சார்.” கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் பெயின்டரைக் கூப்பிட்டேன். பக்கத் தகடு அகலமாக, புதிதாக, பளபளவென்று இருந்தது. ‘முனுசாமி டிபன் சென்டர்’ என்று சிவப்பில் எழுதச் சொல்லி அளவும் போட்டுக் கொடுத்தேன். இந்தப் பக்கத்தில் என் பேருக்கு ஒரு செல்வாக்கு உண்டு. கடன் தர மறுக்கிறவன்கூட என் பேரைக் கேட்டால் அரிசி அளப்பான். நல்லதுக்குத்தான் செய்தேன். கன்னியம்மா பெயின்டருக்கு டீ கொடுத்து, “இப்ப ஒண்ணும் எழுத வேணாண்ணே” என்று அனுப்பிவிட்டாள். காரணம் கேட்டேன். “இட்லி நல்லா இருந்தா அவுங்களே ஒரு பேரு வெப்பாங்க” என்றாள்.

கேட் திறந்த அன்று காலையில் நாங்கள்தான் முதலில் போய் நின்றோம். ஆரணி ஓட்டல்காரர் வேன் வரவேயில்லை, எஃப்.சி. கிடைக்கவில்லையாம். நான் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். காசு வாங்குவது யார், தட்டு கொடுப்பது யார், கடன் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, எல்லாம் மனதில் திட்டமாக இருந்தது. ரயில் வந்தது. ஆட்கள் சாரை சாரையாக வந்தார்கள். முதலில் வந்தவர் என்னைப் பார்த்து, “இன்னா மொதலாளி, நாஷ்டா கடை போட்டுட்டியா?” என்றார்.

கன்னியம்மா கரண்டியை வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

“அண்ணா, நீ கெளம்பு.”

“இன்னாது?”

“நீ இங்க குந்திக்கினு இருந்தா இது உன் கடையாயிடும். அவுங்க உன்னாண்ட காசு குடுப்பாங்க, உன்னாண்ட குத்தம் சொல்லுவாங்க, உன்னாண்ட கடன் கேப்பாங்க. நான் உள்ள மாவு ஊத்திக்கினு இருப்பேன். அதுக்கு உன் ஊடே போதுமே.” கையை முந்தானையில் துடைத்தாள். “கோச்சிக்காத. வண்டி எனுக்குத் தெரியும்.”

கோபம் வந்தது, மச்சான். அத்தனை பேர் பார்க்கிறார்கள். நான் எழுந்தேன். ஸ்டூலை எடுத்துக்கொள்வதா விடுவதா என்று தெரியாமல் நின்றேன். விட்டுவிட்டு நடந்தேன். ரயில்வே கேட் வரைக்கும் கோபமாகத்தான் நடந்தேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால், அந்த ஸ்டூலில் ஒரு பெரியவர் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கன்னியம்மா யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள். அவன் நின்றான். என் கடையில் என் பேச்சைக் கேட்டு நிற்கிற மாதிரி நின்றான்.

உன்னோடு இருந்தபோது அவளை நீ இப்படித்தான் விட்டிருந்தாயா? அதனால்தான் அந்தக் காட்டுக்கும் மேட்டுக்கும் சந்தோஷமாக வந்தாளா? ஒரு நாளும் நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை.

இப்போது ஆட்கள் அதை ‘அக்கா வண்டி’ என்கிறார்கள். தகட்டில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. வாரம் ஒருமுறை நான் போகிறேன், வரிசையில் நிற்கிறேன், மற்றவர்களைப் போலக் காசு கொடுத்துச் சாப்பிடுகிறேன். சாப்பிட்டு முடித்து வண்டியை ஒரு சுற்று சுற்றி, ரிவிட்டை எல்லாம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். உப்புக் காற்று நிற்கப் போவதில்லை. இந்தத் தகடும் ஒரு நாள் பொடி பூக்கும், படி கழலும், கதவு தொங்கும். எத்தனை முறை அரித்தாலும், நான் நடமாடுகிற காலம் வரை, அத்தனை முறையும் உரித்துப் புதிதாக அடித்துக் கொடுப்பேன். ஆனால் உள்ளே அடுப்பை எந்தப் பக்கம் வைக்க வேண்டும், யாருக்குக் கடன் கொடுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை பேசமாட்டேன். வாய் துறுதுறு என்றுதான் இருக்கும். அடக்கிக்கொள்வேன்.

வெளித்தகட்டுக்கு மட்டும் பொறுப்பான
உன் மச்சான்,
கன்னியம்மாவின் அண்ணன்
முனுசாமி